பீரோவைத் திறக்கும் முன்: இறந்தவர் சொத்து விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போதே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். பத்திரம் எங்கே, பாங்க் புக் எங்கே, எல்.ஐ.சி.யில் யார் பேர் போட்டிருக்கு? வடசென்னையில் தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ திருவொற்றியூரோ, எந்த வீடானாலும் இதேதான். பேசுவதில் தப்பே இல்லை. ஆனால் கையில் கிடைத்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது செய்யாத வேலையையும் அது செய்துவிடும் என்று நம்புகிறோமே, அங்கேதான் பெரும்பாலான வழக்குகள் முளைக்கின்றன. நாமினி ஒரு வேலைக்கு, வாரிசு சான்றிதழ் வேறொரு வேலைக்கு, புரொபேட் (உயில் உண்மை என்று கோர்ட் தரும் சான்று) இன்னொன்றுக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இனிஷியல்

முதல் தவறு சுடுகாட்டு அலுவலகத்திலேயே நடந்துவிடுகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்ல, அப்படியே பதிவாகிவிடுகிறது. ஆதாரில் முருகேசன் க, வீட்டுப் பத்திரத்தில் கே. முருகேச முதலியார், துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பெயர் வெறும் முருகன். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அபிடவிட் போட்டு நிரூபிக்க வேண்டிவரும். ஆகவே இறப்பைப் பதியும்போதே சொத்துப் பத்திரத்தையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைக் கொடுங்கள். இறந்த 21 நாளுக்குள் பதிந்தால் சிக்கல் இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டும். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஏ.டி.எம். கார்டு

அப்பாவின் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியும். காரியச் செலவுக்கு என்று ஐம்பதாயிரம் எடுக்கிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆறு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்காரர் பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார். இறந்த தேதிக்குப் பிறகு பணம் எடுத்திருப்பது அதில் அப்படியே தெரியும். அதன்பின் அண்ணன் சொல்லும் எந்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்கு வைத்தவர் போன பிறகு அந்தக் கார்டைத் தொடவே கூடாது. பாங்க்கில் தெரிவித்து, கிளெய்ம் மனு கொடுத்து வாங்குவதுதான் முறை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நாமினியும் உயிலும் தகராறும் இல்லாத கணக்கில், கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரையும், மற்ற வங்கிகளில் 15 லட்சம் வரையும், கோர்ட் சான்று கேட்காமல் எளிய முறையில் கொடுக்க வேண்டும். காகிதம் முழுசாகக் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும். 'சக்சஷன் சர்டிபிகேட் கொண்டு வாங்க' (கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்று) என்று கவுன்ட்டரில் சொன்னால் உடனே வக்கீலைத் தேடி ஓடாமல், மேனேஜரிடம் இதைக் கேளுங்கள்.

நாமினி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவே. அந்தப் பணம் யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் தீர்மானிக்கும். எல்.ஐ.சி. பாலிசி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதை 1983-லேயே சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023-ல் சொன்னது. இன்சூரன்ஸில் மட்டும் 2015-ல் ஒரு மாற்றம் வந்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பரிலிருந்து பாங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்தாலும் அடிப்படை மாறவில்லை.

ஆயாவை மறந்த குடும்பம்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீடு, அப்பா சுயமாக வாங்கியது. உயில் இல்லை. அவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். திண்ணையில் அவருடைய அம்மா, அதாவது பிள்ளைகளுக்கு ஆயா. வாரிசு சான்றிதழுக்கு மனு போடும்போது மனைவி, மகன், மகள் என்று மூன்று பெயரை எழுதுகிறார்கள். ஆயாவுக்கு எண்பது வயது, அவருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. அந்த வீட்டில் ஆயாவுக்குக் கால் பங்கு. (அப்பாவைப் பெற்ற தாத்தா உயிரோடு இருந்தாலும் அவர் இரண்டாம் வகுப்பு, மேலே ஆள் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் கிடையாது. பலருக்கு இது விசித்திரமாகப் படும்.)

அடுத்த ஆண்டு ஆயாவும் போய்விடுகிறார். அவரும் உயில் எழுதவில்லை. இப்போது அந்தக் கால் பங்கு எங்கே போகும்? ஆயாவின் பிள்ளைகள் எல்லோருக்கும், அதாவது எர்ணாவூரில் இருக்கும் சித்தப்பாவுக்கும் கும்மிடிப்பூண்டி அத்தைக்கும். இறந்துபோன மகனின் பங்கு மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு வரும். வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் முதல் நாளே 'தாயார் எப்போது இறந்தார்?' என்று கேட்பார். பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா கையெழுத்துப் போட வர வேண்டும். அவர் சும்மா வருவாரா?

ஆயா உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இதைப் பேசித் தீர்த்திருக்கலாம். அவருக்கு விருப்பமிருந்தால் தன் பங்கை மருமகளுக்கோ பேரனுக்கோ பதிவுசெய்து கொடுக்கலாம், அல்லது உயில் எழுதலாம். விருப்பமில்லை என்றால் அது அவர் பங்கு, அதோடு முடிந்தது. படிக்கத் தெரியாதவரை ஆட்டோவில் அழைத்துப்போய்க் கைநாட்டு வாங்கும் வேலை வேண்டாம். அந்தப் பத்திரம் பிற்பாடு கோர்ட்டில் நிற்காது.

பட்டியலில் பெயர் வராததால் ஆயாவின் உரிமை போய்விடாது. பெயர் வந்துவிட்டதால் புதிதாக எதுவும் சேர்ந்தும் விடாது. தாசில்தார் தருவது உறவைச் சொல்லும் காகிதம், சொத்தைப் பிரிக்கும் காகிதம் இல்லை. வரி ரசீதில் பெயர் மாறுவதும் இ.பி. கார்டில் பெயர் மாறுவதும் அப்படியேதான்.

அதே தெருவில் பக்கத்து வீட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாமலும் போகலாம். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளை இருந்தால் தாய்க்கு எதுவும் இல்லை. மண்ணடி முஸ்லிம் குடும்பத்தில் உயிலே பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய. எதிர்வீட்டுக்காரர் அனுபவத்தை வைத்து உங்கள் பங்கைக் கணக்குப் போடாதீர்கள்.

உயில் இருக்கிறது, புரொபேட் வேண்டுமா?

நூறாண்டாகச் சென்னைக்கு ஒரு தனி விதி இருந்தது. உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குள் (அது நேரடியாக வழக்கு விசாரிக்கும் பகுதிக்குள்) எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு மனையைப் பற்றிய உயில் என்றால், இந்து, சமணர், சீக்கியர், பௌத்தர் எல்லோரும் புரொபேட் வாங்கியே ஆக வேண்டும். காஞ்சிபுரத்தில் எழுதி, சொத்தும் அங்கேயே இருந்தால் தேவையில்லை. ராயபுரத்துக்காரர்கள் பாரிமுனையில் ஏறி இறங்க, மற்ற ஊர்க்காரர்கள் நேரே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போனார்கள். அந்தக் கட்டாயத்தை வைத்திருந்த, அதே 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

உடனே ஒரு புதுத் தவறு கிளம்பியிருக்கிறது. 'இனி உயிலை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை' என்று பேசிக்கொள்கிறார்கள். போனது கட்டாயம்தான், புரொபேட் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. உயில் உண்மையா என்று யாராவது கேள்வி கேட்டால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்ற விதியும் மாறவில்லை. மனக்கசப்புள்ள ஒரு வாரிசு இருந்தாலும், நல்ல விலைக்கு விற்கும் எண்ணம் இருந்தாலும், இறப்பு அந்தத் திருத்தத்துக்கு முன்பே நடந்திருந்தாலும், புரொபேட் வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன்.

வாங்கப் போகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்? முதலாவது, யார் மனுப் போடுவது என்பதில். உயிலில் எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) என்று பெயர் எழுதப்பட்டவருக்கு மட்டுமே புரொபேட் கிடைக்கும். அப்படி ஒருவர் இல்லை, அல்லது அவரும் இறந்துவிட்டார் என்றால், லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரம்) கேட்க வேண்டும். சக்சஷன் சர்டிபிகேட் வேறு. அது டெபாசிட், பங்கு, வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கு. வீட்டுக்கு அது உதவாது. இதைத் தெரியாமல் அதை வாங்கிக்கொண்டு பத்திர ஆபீசில் நிற்பவர்கள் உண்டு.

இரண்டாவது, சாட்சி. உயில் எழுதியபோதே எழுபது வயதான நண்பரைச் சாட்சியாகப் போட்டிருப்பார்கள். அவர் இன்னும் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று அந்த வாரமே விசாரியுங்கள். அவர் நல்லபடியாக இருக்கும்போதே அபிடவிட் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். இருவரும் போய்விட்டால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்கலாம், அலைச்சல்தான் பல மடங்கு.

மூன்றாவது, ஆளை மறைப்பது. மும்பைக்குப் போன தம்பி, காதல் கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கிய தங்கை. மனுவில் இவர்கள் பெயரை விட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மறைத்து வாங்கிய புரொபேட்டைப் பின்னால் ரத்து செய்ய அதே சட்டத்தில் 263-ஆம் பிரிவு இருக்கிறது. நோட்டீஸ் போய், அவர்கள் கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால், மனு டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்ற முழு வழக்காக மாறும். நாளாகும்தான், ஆனால் வீட்டை விற்றபின் ரத்தாவதைவிட இது மேல்.

தள்ளிப்போடுவதும் தவறுதான். மனுவுக்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

ரிஜிஸ்டர் செய்த உயில் என்பதால் மட்டும் அது உண்மை என்றாகிவிடாது; வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டதாலேயே பொய் என்றும் ஆகாது. வில்லங்கச் சான்றில் உயில் வராது. 'ஈ.சி. போட்டுப் பார்த்தோம், உயில் எதுவும் இல்லை' என்று சொல்பவரை நம்பிப் பங்கு பிரிக்காதீர்கள். எழுதியவர் இறந்தபின், பதிந்த உயிலின் நகலை இறப்புச் சான்றோடு மனுப்போட்டு வாங்கலாம். இன்னொன்று: புரொபேட் கோர்ட் உயில் உண்மையா என்று மட்டுமே பார்க்கும், வீடு அவருடையதா என்று பார்க்காது. குடிசை மாற்று வாரிய வீட்டுக்கு (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) விற்பனைப் பத்திரமே வாங்காமல், உயிலில் 'என் சொந்த வீடு' என்று எழுதிவைத்து என்ன பயன்? ஒதுக்கீட்டை வாரிசு பெயருக்கு மாற்ற வாரிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

பாண்டு பேப்பர்

'தங்கச்சி எழுதிக் கொடுத்துட்டா' என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்துக் காட்டுவார்கள். தெருப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்தும் இருக்கும். வீட்டில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரமாகப் பதிவானால்தான் செல்லும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்த்துப் பாண்டு பேப்பரோடு விட்டவர்கள், தங்கையின் பிள்ளைகள் வளர்ந்து கேட்கும்போது லட்சங்களில் கொடுக்கிறார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் இந்துத் தாய்கூட அதை விற்கக் கூடாது. மீறி விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

கடன், கடல்

சொத்தைப் பிரித்துவிட்டுக் கடனைப் பற்றி யோசிப்பது தலைகீழ். முதலில் ஈமச்செலவு, பிறகு கோர்ட் செலவு, அதன்பின் கடன்கள்; மிச்சம்தான் வாரிசுகளுக்கு. அதே சமயம், வசூல்காரர் வாசலில் நின்று கத்துகிறார் என்பதற்காக மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவன் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, அப்பாவின் சொத்திலிருந்து கிடைத்த அளவுக்கே பொறுப்பு. சேட்டு கடை அடகு ரசீதுகளைத் தேடி எடுங்கள். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

காசிமேட்டில் படகும் சொத்துதான். மீன்வளத் துறைப் பதிவு இறந்தவர் பெயரிலேயே கிடக்க, தம்பி ஓட்டிக்கொண்டிருப்பான். பதிவை முறையாக மாற்றிவிட்டு ஓட்டட்டும். கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், சாதாரணமாக இறப்புச் சான்று கிடைக்காது. ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதற்குக் கோர்ட்டில் மனுப்போட வேண்டிவரும். அப்போது முதலில் கேட்கப்படுவது காணாமல் போனபோது கொடுத்த போலீஸ் புகாரின் நகல். அதை வாங்காமல் விடாதீர்கள், வாங்கியதை லேமினேஷன் செய்து கெடுக்கவும் வேண்டாம்.