டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) பெட்டியின் முகப்பில் ஓர் எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள்: 550, 3,500, 7,000, இப்போது 14,000 வரை வந்துவிட்டது. நொடிக்கு அத்தனை எம்பி என்று பொருள். எண்ணில் பொய் இல்லை. ஆனால் காலியான புது டிரைவில், அதற்கேற்ற ஸ்லாட்டில், ஒரே பெரிய கோப்பைத் தொடர்ந்து படித்தால்தான் அந்த வேகம் வரும். "புது எஸ்எஸ்டி போட்டும் பெரிய வித்தியாசம் தெரியலையே" என்று புலம்புபவர்களில் பலர் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான்.

போர்டைப் பார்க்காமல் டிரைவைத் தேடுவது

மதர்போர்டில் நேராகச் செருகும் பட்டையான எம்.2 வடிவில் வருவதெல்லாம், பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ அல்ல. அதே பட்டை வடிவில், ஹார்ட் டிஸ்க்குக்கான பழைய இணைப்பான சாட்டாவில் ஓடும் டிரைவும் விற்கிறது. அதன் வேகம் 550, 560 எம்பியைத் தாண்டாது. தங்க நிறப் பற்கள் இருக்கும் முனையைப் பாருங்கள். ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு வெட்டு உள்ள டிரைவ் எந்த ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். அந்த ஸ்லாட்டில் சாட்டா இணைப்பு இல்லையென்றால் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் நிரல்) டிரைவே தெரியாது. டிரைவ் கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள்.

போர்டின் பெயர் தெரியாவிட்டால் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, "எம்எஸ்இன்ஃபோ32" என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் மாடல் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் ஸ்டோரேஜ் பகுதியை அடிக்குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். பொறி எல்லாம் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கும். பி560 போர்டில் பிராசஸரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட், 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இருந்தால்தான் வேலை செய்யும். 10ஆம் தலைமுறை ஐ5 போட்டவருக்கு அந்த ஸ்லாட் வெறும் அலங்காரம். ரைசன் 5 5600ஜி பிராசஸரில் இருப்பது பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறையான ஜென்3 மட்டும். பி550 போர்டில் போட்டாலும் ஜென்4 டிரைவ் 3,500 எம்பி அளவோடு நின்றுவிடும். அதனால் டிரைவுக்கு ஆபத்தில்லை, கூடுதலாகக் கொடுத்த காசுதான் வீண். சில போர்டுகளில் ஓர் எம்.2 ஸ்லாட்டில் டிரைவைப் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துபோகும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போவது பலமுறை இதனால்தான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மெஷினா? எச்61 போர்டின் சிப்செட்டில் 3 ஜிகாபிட் சாட்டா மட்டுமே உண்டு. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் 270, 280 எம்பிதான் வரும். எச்81இல் நான்கு போர்ட்டுகளில் இரண்டு மட்டும் 6 ஜிகாபிட். கேபிளை மாற்றிச் செருகினால் பாதி வேகம் போச்சு. இந்த வயது போர்டுகளில் அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ டிரைவைப் பொருத்தினாலும் பெரும்பாலும் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. அங்கே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும்.

போதும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் ஏறுவது, பிரவுசர் திறப்பது எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும் வேலை. இதை அளக்கும் 4கே ரேண்டம் ரீடு, கியூ டெப்த் 1 (4 கேபி துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றாகப் படிப்பது) என்ற சோதனையில் ஹார்ட் டிஸ்க் 1 எம்பியைத் தொடுவதே அபூர்வம்; சாட்டா எஸ்எஸ்டி 30 முதல் 40, நல்ல என்விஎம்இ 60 முதல் 90 எம்பி தரும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். ஜென்3இலிருந்து ஜென்5க்குப் போவதை அன்றாட வேலையில் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோவைத் தினமும் நகர்த்துபவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம்.

கேஷ் நிரம்பிய பிறகு என்ன ஆகும் என்று கேட்காதது

மலிவு டிரைவுக்கும் நல்ல டிரைவுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சிப்பில் தகவல் தங்கும் ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் க்யூஎல்சி. பிட் கூடக் கூட எழுதும் நேரமும் கூடும். அதை மறைக்க, காலி இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரே பிட் என்ற கணக்கில் வேகமாக எழுதிக்கொள்வார்கள். எஸ்எல்சி கேஷ் என்பது இதுதான். அது நிரம்பும்வரை எல்லா டிரைவும் சூரப்புலி.

சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி. அதற்குப் பிறகு எழுதும் வேகம் 80 எம்பி என்று நிறுவனமே தன் விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறது. இன்னொரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து 150 ஜிபி கொண்ட ஃபோல்டரை இதற்குக் காப்பி செய்தால், முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறிவிடும். மீதி 108 ஜிபிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகம். டிஎல்சி வகையான 870 ஈவோ 1 டிபி இதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். இன்னொன்றும் உண்டு: அந்த 42 ஜிபியில் 6 ஜிபிதான் நிரந்தரம், மீதி 36 காலி இடத்திலிருந்து கடன் வாங்கியது. டிரைவ் நிறைய நிறையக் கேஷ் சுருங்கும். வாங்கியபோது பறந்த டிரைவ் ஒரு வருடத்தில் தவழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். 15 சதவீதமாவது காலியாக வைத்திருங்கள்.

டிரைவின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் மென்பொருளை அப்படியே ஓட்டினால் அது 1 ஜிபி கோப்பை வைத்துத்தான் சோதிக்கும். அது கேஷுக்குள் அடங்கிவிடுவதால் எல்லா டிரைவும் பாஸ். 64 ஜிபி என்று மாற்றி ஓட்டினால் பல மலிவு டிரைவுகளின் சாயம் வெளுத்துவிடும். தினமும் இதை ஓட்டாதீர்கள். வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம். வெறும் பிரவுசிங், டேலி, பாடல் கோப்பு என்றால் க்யூஎல்சி போதும். சி டிரைவாகவும் எடிட்டிங்குக்கும் என்றால் டிஎல்சியே வாங்குங்கள்.

பெயரை மட்டும் நம்புவது

இரண்டு வருடத்துக்கு முன் வந்த விமர்சனத்தைப் பார்த்து இன்று வாங்கினால், உள்ளே இருப்பது அதே பொருள் என்று சொல்ல முடியாது. க்ரூஷியல் பி2 டிஎல்சியோடு வந்து, 2021இல் சத்தமில்லாமல் க்யூஎல்சிக்கு மாறியது. அதே ஆண்டு சாம்சங் 970 ஈவோ பிளஸ்ஸில், டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரே மாறியது; கேஷ் பெரிதானது, நிரம்பிய பிறகான வேகம் குறைந்தது. சாம்சங்காவது பார்ட் நம்பரை மாற்றியது. கிங்ஸ்டன் என்வி2 விவரக்குறிப்பில் எந்தக் கன்ட்ரோலர், எந்த வகைச் சிப் என்ற விவரமே கிடையாது. விமர்சனத்தின் தேதியையும் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் டிராம் என்ற வேக நினைவகம் இல்லாத டிரைவ் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. என்விஎம்இ டிரைவ், ஹோஸ்ட் மெமரி பஃபர் வழியாகக் கணினியின் ராமில் சில பத்து எம்பியை இரவல் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவில் அந்த வசதி கிடையாது. ஆகவே டிராம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டியைத்தான் கூடியவரை தவிர்க்க வேண்டும்.

டிபிடபிள்யூ எண்ணுக்குக் காசு கொடுப்பது

டிபிடபிள்யூ என்பது டிரைவில் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்று நிறுவனம் தரும் கணக்கு. தினம் 40 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 14.6 டிபி. 220 டிபிடபிள்யூ உள்ள டிரைவுக்கே 15 வருடம் ஆகும். வீட்டு உபயோகத்தில் அதற்கு முன் போர்டு போய்விடும். விதிவிலக்கு சிசிடிவி பதிவு: 4 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 173 ஜிபி, வருடத்துக்கு 63 டிபி. அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி.

வாங்கிய அன்று பார்க்காமல் விடுவது

லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஓஇஎம் (கணினி நிறுவனங்களுக்கென்று தரும்) டிரைவுகள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பொருள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் கம்பெனி வாரண்டி உங்களுக்குக் கிடைக்காது. கடைக்காரரின் வாய்வார்த்தைதான் வாரண்டி. டிரைவைப் போட்டதும், அதன் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து மூன்றைப் பாருங்கள். பவர் ஆன் ஹவர்ஸ் (இதுவரை ஓடிய மணிநேரம்) ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் (இதுவரை எழுதிய அளவு) சில ஜிபிக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் மோடில் (இடப்பக்கம் இப்போதைய இணைப்பு, வலப்பக்கம் டிரைவின் திறன்) நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இடப்பக்கம் 3.0, வலப்பக்கம் 4.0 என்று காட்டினால் ஸ்லாட் டிரைவைக் கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தம். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பொருத்தும்போது போர்டின் ஹீட்சிங்க்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கிறார்கள். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் டிரைவைத் தொடாமல் சூடு உள்ளேயே தங்கும். 80 டிகிரியை நெருங்கியதும் பல டிரைவுகள் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன எம்.2 ஸ்க்ரூவைப் போர்டு வாங்கிய பெட்டியிலேயே தேடுங்கள், எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் வராது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, மெதுவாகி, எச்சரித்துவிட்டுத்தான் சாகும். எஸ்எஸ்டி நேற்று ஓடியது, இன்று பயாஸில் தெரியவில்லை என்ற கதை சகஜம். அழித்த கோப்பை டிரிம் என்ற கட்டளை துடைத்துவிடுவதால் மீட்பதும் கடினம். மின்வெட்டுள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டினால் எஸ்எஸ்டி திடீரென்று சாகும் ஆபத்து கூடும். அந்தப் பழைய டிஸ்க் முழுதாக நன்றாக இருந்தால், வாரம் ஒரு முறை பேக்கப் எடுக்க அதையே வைத்துக்கொள்ளலாம்.