முன்னாள் கணவர் ஐ.பி. (திவால் மனு) கொடுத்துவிட்டால் வீட்டில் உங்கள் பங்கைக் கேட்பது எப்படி?

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். விவாகரத்தான பெண்கள் சிலர், "அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டாராம், ஃப்ளாட் போயிடுமா மேடம்?" என்று கேட்டு வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் சாதாரண தனிநபர் திவாலுக்கு இன்றைக்கும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான். மனு ஹைகோர்ட்டில் நடக்கும். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அது வேறு பாதை. முதலில் வக்கீல் மூலம் ஐ.பி. நம்பரை வாங்கி, திவாலானவர் என்று உத்தரவு ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அவர் பெயரில் உள்ளதெல்லாம் அஃபீஷியல் அசைனி (திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் கோர்ட் அதிகாரி) வசம் போய்விடும். ஒரு விலக்கு உண்டு. இன்னொருவருக்காக அவர் டிரஸ்டியாக வைத்திருக்கும் சொத்து, 52-வது பிரிவின்படி கடன் கொடுத்தவர்களுக்குப் போகாது. நீங்கள் பிடிக்க வேண்டிய நூல் அதுதான்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், பாதி எனக்கு" என்று கேட்டால் நிற்காது. நம் சட்டத்தில் திருமணத்தாலேயே சொத்தில் பாதி வந்துவிடுவதில்லை. 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட், வீட்டு வேலையும் பங்களிப்புதான் என்று ஒரு மனைவிக்குச் சம பங்கு கொடுத்தது. நல்ல தீர்ப்பு, மனுவில் கட்டாயம் சேருங்கள். ஆனால் அது திவால் வழக்கு இல்லை. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

வீட்டை அவர் உங்களுக்காக டிரஸ்டி போலத்தான் வைத்திருந்தார் என்று காட்ட, பணம் போன தடம்தான் எல்லாம். அம்பத்தூர் ஃப்ளாட் அவர் பெயரில் இருக்கிறது, அட்வான்ஸ் உங்கள் நகை விற்ற பணம், இ.எம்.ஐ. உங்கள் சம்பளக் கணக்கில் போனது என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடை ரசீது, பி.எஃப். எடுத்த கடிதம், பில்டர் ரசீது, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சான்றோடு கேளுங்கள். செல்போனில் இறக்கிய பி.டி.எஃப். போதாது. பழைய வருஷக் கணக்கு கிடைக்கத் தாமதமாகும் என்பதால் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு, அதே நாளில் உங்கள் கணக்கிலிருந்து எடுத்த குறிப்பு இருந்தால்கூட உதவும். எதிர்த்தரப்பு இதைப் 'பினாமி' என்று சொல்லிப் பயமுறுத்தலாம். கணக்கில் காட்டிய வருமானத்தில் கணவன் பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்கியதற்குப் பினாமிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

விவாகரத்து சமயத்தில் வீட்டை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா? வெறும் ஒப்பந்தத் தாள் என்றால் பலம் குறைவு. பதிவான பத்திரமாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். எழுதி இரண்டு வருஷத்துக்குள் அவர் திவாலாகியிருந்தால், ஈடு எதுவும் வாங்காமல் கொடுத்தது என்று சொல்லி அசைனி அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக என்று பத்திரத்திலேயே இருந்தால் வாதாட இடம் உண்டு. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்!

அப்புறம், அசைனிக்கு எழுத்து மூலம் உரிமை கோருங்கள்; நகல் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் அந்த முடிவிலிருந்து 20 நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். சீதனம் உங்களுடையதே, அதற்குத் தனிப் பட்டியல் கொடுங்கள்.

ஃப்ளாட் அடமானத்தில் இருந்தால் பேங்க் திவால் வழக்குக்கு வெளியே நின்று விற்கலாம். அதை எதிர்க்கக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 45 நாள் அவகாசம். கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால், கடன் போக மிஞ்சுவதில்தான் பங்கு கேட்க முடியும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி மையத்தில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.