பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் பிரேக் கிரீச்சிடுகிறதா? பேட் வாங்க ஓடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டேவியாவின் வேக ரகமான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இந்தியாவுக்கு வந்தது 2017-இல். அதன் பின் 2020-இல் வந்த ஆர்எஸ் 245 மொத்தமே 200 கார்கள்தான். ஆகவே செகண்ட் ஹேண்டில் ஒன்று கண்ணில் பட்டால் ஆளுக்கு ஆள் பாய்கிறார்கள். டர்போவைப் பார்க்கிறார்கள், டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜெர்க் அடிக்கிறதா என்று பார்க்கிறார்கள், ரீமேப் செய்த (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டிய) வண்டியா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள், பிரேக்கை மட்டும் டெஸ்ட் டிரைவில் ரெண்டு மிதி மிதித்துவிட்டு "நல்லாத்தான் பிடிக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த வண்டிகள் ஆபீசுக்கு மட்டும் போய் வந்தவை அல்ல. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருக்கும், சில சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில்கூட சுற்றியிருக்கும். அந்தக் கணக்கெல்லாம் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கில்தான் எழுதியிருக்கும், ஓடோமீட்டரில் இல்லை.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, சத்தம் வந்தவுடன், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடைப் புதிதாக வாங்கிப் போட்டுவிடுவது. எந்தச் சத்தம், எப்போது வருகிறது என்று கவனிப்பதே இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் கரகரவென்று வந்து நின்றுவிட்டால் அது டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரியிலேயே துருப்பிடிக்கும், அதற்கு ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். மிதிக்காமலே சத்தம் வருகிறது, மிதித்தால் அடங்குகிறது என்றால் பேடின் உலோக நாக்கு டிஸ்க்கைத் தொடுகிறது என்று அர்த்தம், பேட் முடியப் போகிறது. மிதிக்கும்போது இரும்பு இரும்போடு அரைபடும் ஓசை வந்தால் பேடில் எதுவும் மிச்சமில்லை, வண்டியை நிறுத்துங்கள். மெதுவாக நிறுத்தும்போது மட்டும் வரும் கூர்மையான கீச்சுதான் அசல் கிரீச்: பேட் டிஸ்க்கில் ஒட்டி விடுபட்டு, ஒட்டி விடுபட்டு அதிர்வதால் வருவது. இன்னொன்றும் உண்டு. ஜல்லி ரோட்டில் போய் வந்தபின் திடீரென்று காதைக் கிழிக்கும் சத்தம் கேட்டால், டிஸ்க்குக்கும் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கலாம். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் பல நேரம் தானாக விழுந்துவிடும். இதற்குப் போய் முழு செட் பேட் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்!

அலாய் வீல் வழியாக எட்டிப் பார்த்து "பேட் நிறைய இருக்கு" என்பது அடுத்த தவறு. அங்கிருந்து தெரிவது வெளிப்பக்க பேட். ஆர்எஸ்ஸின் முன் காலிப்பர், அதாவது பேட்களை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்தும் பாகம், ஒரே பிஸ்டன் உள்ள நகரும் வகை. பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், காலிப்பர் தன் ஸ்லைடு பின்களில் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுக்கும். அந்தப் பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால் உள் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளியே பார்த்தால் பாதி மிச்சம் இருக்கும். ஆகவே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பேட் தேய்மானத்தைச் சொல்லும் சென்சார் ஒயர் பொதுவாக முன்பக்கம் ஒரு சக்கரத்தில் இருக்கும். மலிவான, சென்சார் இல்லாத பேடைப் போட்டுவிட்டு அந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிற ஆட்கள் உண்டு. அப்படிச் சுற்றியிருந்தால் டேஷ்போர்டு விளக்கு எரியும் என்று காத்திருக்காதீர்கள். வாங்கும் முன்பே இதைக் கண்டுபிடித்தால் விலை பேச நல்ல பிடி.

சரி, டிஸ்க். அதன் ஓரத்திலோ நடுக் கிண்ணப் பகுதியிலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 25 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 22, 30 மி.மீ. டிஸ்க்குக்கு 27 என்கிற மாதிரி. உங்கள் டிஸ்க்கில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் சட்டம். நம் ஊரில் இதை அளப்பதே அபூர்வம், அளந்தாலும் வெர்னியரை ஓரத்தில் வைத்து அளக்கிறார்கள். பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும், வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து தடிமனை அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டர் வேண்டும், விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு உள்ளே, சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தேய்ந்துபோன டிஸ்க்கில் புது பேட் போடுவது வெறும் காசு விரயம் இல்லை: மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடேறும், மலை இறக்கத்தில் வெடிப்பு விடும். டிஸ்க் மாற்றினால் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், பேடும் கூடவே. காசு மிச்சம் பிடிக்கச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய டிஸ்க் தேடிப் போகாதீர்கள். அங்கே கதவு, பம்பர், ஹெட்லைட் வாங்கலாம், அடுத்தவர் தேய்த்துத் தள்ளிய டிஸ்க் வேண்டாம்.

100 கி.மீ. வேகத்தில் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது, பெடல் காலில் துடிக்கிறது என்றதும் "டிஸ்க் பெண்டு" என்று ஒரு தீர்ப்பு வரும். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. நன்றாகச் சூடான பிரேக்கை அழுத்தியபடியே சிக்னலில் நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், அல்லது டிஸ்க் லேசாக ஆடி ஆடிச் சுற்றி ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து தடிமன் மாறிவிடும். அந்த ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் டிஸ்க்கே இல்லை, அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பாகம்) முகத்தில் இருக்கும் துரு. ஒரு செதில் துரு போதும், 0.05 மி.மீ. தூக்கலே வெளி விளிம்பில் தொல்லையாகிவிடும். டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுப் பளிச்சென்று ஆகும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் புது டிஸ்க்கைப் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே துடிப்பு திரும்பி வரும், டிஸ்க் கம்பெனியைத்தான் திட்டுவீர்கள். வீல் போல்ட்டை ஏர் கன்னால் சர்ர்ரென்று இறுக்கி விடுவதும் இதே வேலையைச் செய்யும். இந்தக் காரில் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்றால், சீவியபிறகும் குறைந்தபட்ச தடிமனுக்கு மேலே தாராளமாக இருந்தால் மட்டும். பழைய ஆர்எஸ்ஸில் அந்த அளவுக்கு மிச்சம் இருப்பது அரிது, என்னைக் கேட்டால் நேராகப் புதிது போடுவதே மேல்.

சத்தத்தை அடக்கச் செய்யும் கைவைத்தியங்கள் தனி ரகம். பேடின் முகத்தை உப்புத்தாளில் தேய்ப்பது ஒரு வாரம் தாங்கும், காரணம் அப்படியே இருக்கும். டிஸ்க் மேல் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பதெல்லாம் தற்கொலை முயற்சி. சர்வீஸ் ஸ்டேஷனில் அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்ப்ரே அடித்தால் அது பேடுக்கும் போய்ச் சேரும், எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது, மாற்ற வேண்டியதுதான். கிரீஸ் போட வேண்டிய இடங்கள் உண்டு: பேடின் பின்தகடு, அதன் காதுகள், ஸ்லைடு பின். ஆனால் அதற்குரிய சிலிக்கான் அல்லது சின்தெடிக் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். வீல் பேரிங் கிரீஸை அப்பினால் ரப்பர் உறை ஊதிப்போய் ஸ்லைடு பின் இறுகிவிடும், முன்னே சொன்ன உள் பேட் கதைக்கே திரும்பி வருவோம். புது டிஸ்க்கில் துருவுக்காகப் பூசிய எண்ணெய் இருக்கும், அதை பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டுவதும் இதே குடும்பம்தான்.

பின்பக்கம் வேலை செய்யும்போது கவனம். ஹேண்ட்பிரேக் காலிப்பரோடு சேர்ந்த வண்டியில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், சி கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளே உடையும். மின்சார பார்க்கிங் பிரேக் உள்ள கார் என்றால் ஸ்கேனர் மாட்டி சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது. காலிப்பரைக் கழற்றியதும் அதை பிரேக் ஃப்ளூயிட் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தாரா என்று பாருங்கள். மெக்கானிக் எப்படிப்பட்டவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ரேஸ் பேட், ஓட்டை போட்ட டிஸ்க் மீதான ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் டிராக் பேட் சூடானால்தான் பிடிக்கும், ஆறிக் கிடக்கும்போது கத்தும், டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, கடும் சூட்டில் அந்த ஓட்டைகளிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். அந்தக் காசில் முதலில் பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். டாட் 4 என்கிற தரத்து ஃப்ளூயிடின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் இழுத்தபிறகு 155 வரை இறங்கலாம். முந்தைய ஓனர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியபின் நேராக வீட்டுக்கு ஓட்டிப் போய் நிறுத்திவிடுவதுதான் பாக்கியிருக்கும் தவறு. முதலில் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள், பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். அப்புறம் விடியற்காலையில், பின்னால் வண்டி வராத ரோட்டில், 60-லிருந்து 10 வரை ஓரளவு அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்துப் பத்துத் தடவை போல இதைச் செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி. இதற்குப் பிறகும் காலையில் முதல் ஒன்றிரண்டு மிதிக்கு லேசாகக் கீச்சென்றால் அதை விட்டுவிடலாம், நாள் முழுக்கக் கத்தினால் மட்டும் மறுபடி சக்கரத்தைக் கழற்றி ஸ்லைடு பின்னிலிருந்து தொடங்குங்கள்.