காந்த நனோத் துகளுக்குப் பொலிமர் உறை போடுவது எப்படி?

இறுதியாண்டு ஆய்வுக்குக் காந்த நனோத் துகளை எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் இரும்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அது சுலபமான பாதி. இரும்பு ஒட்சைட்டுக் கறுப்புத் தூள் ஒரு பகலுக்குள் கையில் வந்துவிடும். ஆனால் அது உடல் திரவத்தில் திரளாமல் மிதக்குமா, மருந்தைப் பிடித்து வைக்குமா, கலங்களைக் கொல்லுமா என்பதெல்லாம் மேலே போடும் பொலிமரைப் பொறுத்தது. அதனால் எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எம்ஆர்ஐ படத்தில் ஈரலை வேறுபடுத்திக் காட்ட என்றால் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொலிமர் பழகிய வழி. டெக்ஸ்ட்ரான் உறையிட்ட பெருமொக்சைட்ஸ் மருந்துக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது, பிறகு சந்தையை விட்டே போய்விட்டது. அதே குடும்பத்துப் பெருமொக்சிடோல் 2009இல் சிறுநீரக நோயாளிகளின் இரும்புக் குறைபாட்டு இரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. கடும் ஒவ்வாமை வரலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கை 2015இல் அதன் மருந்துக் குறிப்பில் ஏறியது. அனுமதி பெற்ற மருந்தின் கதையே இப்படி என்றால், நாம் முகவையில் செய்வதை ஊசியில் ஏற்றும் யோசனை யாருக்கும் வரவே கூடாது.

இரத்தத்தில் அதிக நேரம் சுற்ற வேண்டுமானால் பொலிஎதிலீன் கிளைகோல். மருந்து ஏற்றிப் பார்க்கும் மாணவ ஆய்வுக்கு என் தெரிவு கைட்டோசான்: இறால், நண்டுக் கோதிலிருந்து வருவது, விலையும் கட்டுப்படியாகும், அதன் அமைன் கூட்டங்களில் வேறு மூலக்கூறுகளை இணைக்கலாம்.

சரி, செய்முறை. பெரிக் குளோரைட்டு (6 நீர் மூலக்கூறு உள்ளது) 2.70 கிராம், பெரசுக் குளோரைட்டு (4 நீர் மூலக்கூறு உள்ளது) 0.99 கிராம். அதாவது மூல் கணக்கில் 2:1. கொழும்பு ஈரப்பதத்தில் வம்பு இங்கேதான் தொடங்கும்: பெரிக் குளோரைட்டு காற்றிலுள்ள நீரை இழுக்கும், தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மேலே ஏறும், மஞ்சள் கட்டிகளின் ஓரம் பளபளவென்று நனையும். போத்தலைத் திறந்ததும் நிறுத்துவிட்டு உடனே மூடுங்கள். பெரசுக் குளோரைட்டு வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் ஒட்சியேற்றம் நடந்துவிட்டது, அந்தப் போத்தலை விட்டுவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீர் 100 மில்லிலீற்றரில் அரை மணிநேரம் நைதரசனை ஊதி ஒட்சிசனை வெளியேற்றிய பிறகு உப்புகளைக் கரையுங்கள். காந்தக் கலக்கி வேண்டாம், துகள் முழுவதும் அதன் காந்தக் கோலிலேயே ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் இயந்திரக் கலக்கி வேண்டும். 60 பாகை செல்சியஸில், நைதரசன் ஓடிக்கொண்டிருக்க, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து, 25 சதவீத அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 10ஐ எட்டும்வரை விட வேண்டும். செம்மஞ்சள் கரைசல் சட்டென்று கறுக்கும். கறுப்புக்குப் பதில் செம்பழுப்பு வந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெரசு உப்பு பழசு.

இன்னும் அரை மணிநேரம் கலக்கிவிட்டு, முகவைக்கு அடியில் நியோடிமியம் காந்தத்தை வைத்து, மேலே நிற்கும் நீரை ஊற்றிவிடுங்கள். காந்தத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, பம்பலப்பிட்டிப் பக்கம் கணினி திருத்தும் கடைகளில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று கேட்டு வாங்கிக் கழற்றினால் உள்ளேயே இருக்கிறது. பிஎச் 7 வரும்வரை கழுவுங்கள். உலர்த்த வேண்டாம்! உலர்ந்த துகள் கட்டிபட்டால் மறுபடி பிரிப்பது பெரும் பாடு.

உறை போட, 0.2 சதவீதக் கைட்டோசானை 1 சதவீத அசற்றிக் அமிலத்தில் கரைத்து பிஎச்சை 5க்கு உயர்த்துங்கள். அதற்குக் கீழே அமிலம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், 6.5ஐத் தாண்டினால் கைட்டோசானே வீழ்படிவாகிவிடும். ஈரத் துகளைப் போட்டு மீயொலிக் குளியலில் வைத்துப் பிரியவிடுங்கள். பிறகு கைட்டோசான் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க, கலக்கிக்கொண்டே சோடியம் ட்ரைபொலிபொசுபேற்றுக் கரைசலை மெல்ல விடுங்கள். கைட்டோசான் நான்கு பங்கென்றால் இது ஒரு பங்கு. இலேசான கலங்கல் தெரிந்ததும் நிறுத்துங்கள், திட்டுத் திட்டாகத் திரண்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

சோதனைக்கு ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் நனோத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ வேறெங்குமோ அனுப்பும்போது இரண்டு மாதிரி கொடுங்கள்: பளிங்கு அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கென்று மட்டும் ஒரு பகுதியை உலர்த்திய தூள், துகளின் பருமனை அளக்கும் ஒளிச்சிதறல் அளவீட்டுக்கு நீரில் மிதக்கும் மாதிரி. தாமிரக் கதிரில் 30.1, 35.5, 62.6 பாகைகளில் முகடுகள் வந்தால் மக்னடைற்று வகை, அதாவது நாம் செய்ய நினைத்த கறுப்பு இரும்பு ஒட்சைட்டு. ஆனால் அது ஒட்சியேறினால் வரும் மக்கெமைற்றும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் வரும், எக்ஸ் கதிரை மட்டும் வைத்து மக்னடைற்று என்று அடித்து எழுதிவிடாதீர்கள். ஒளிச்சிதறல் அளவு இலத்திரன் நுணுக்குக்காட்டி அளவைவிடப் பெரிதாக வந்தால் பதற வேண்டாம், பொலிமரும் அதோடு ஒட்டிய நீரும் சேர்த்து அளக்கப்படுகிறது.

நுணுக்குக்காட்டிக்குக் கொடுக்கும்போது மாதிரி காந்தத்தன்மை உள்ளது என்று இயக்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரியாக ஒட்டாத தூள் கருவியின் வில்லைக்குத் தாவி அழுக்காக்கினால் அடுத்த முறை உங்கள் மாதிரியைத் தொடவே மாட்டார்கள்.