ஹெல்மெட் தலைக்குச் சரியாகப் பொருந்துகிறதா?

ஹெல்மெட்டின் நிறத்தையும் தோற்றத்தையும் பார்ப்பதற்கு முன், அளவு நாடாவைப் புருவத்திற்குச் சுமார் 2.5 செ.மீ. மேலே வைத்து, பின்தலையின் மிகவும் புடைத்த பகுதி வழியாகச் சுற்றி, தலையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுவது அவசியம். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியமாக இருப்பதில்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால், சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். உள்ளிருக்கும் மெத்தை நாளடைவில் அமுங்கித் தளர்ந்துவிடும்.

புதிய முழுமுக ஹெல்மெட் கன்னங்களை இலேசாக அழுத்துவது இயல்பே. இரு கைகளாலும் அதைப் பிடித்து இடவலமாகத் திருப்பும்போது, நெற்றித் தோலும் கன்னமும் சேர்ந்து நகர வேண்டும். தலை அப்படியே நிற்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால், அது உங்களுக்குப் பெரிது. என் கருத்தில் மிக முக்கியமான சோதனை அடுத்ததுதான், ஆனால் பலர் இதைச் செய்வதே இல்லை. தாடைப் பட்டையை, அதன் அடியில் ஓரிரு விரல்கள் மட்டும் நுழையும்படி இறுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டின் பின்புறக் கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி, முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வருமானால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

பின்பு 15 நிமிடங்களாவது அணிந்திருந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நெற்றியின் நடுவில் மட்டும் சிவந்த தடம் பதிந்து வலித்தால், பெரும்பாலும் குறை அளவில் இல்லை, உள்வடிவத்தில்தான் இருக்கிறது; நீள்வாட்டத் தலைக்கு வட்டமான உட்புறம் ஒத்துவராது என்பதால், பெரிய அளவைத் தேடாமல் வேறு மாடலைத் தேடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இவை அனைத்தையும் கண்ணாடியோடு சோதிப்பது நல்லது.