புகையிலை பத்திற பழைய பைப் வாங்கினா முதல்ல உப்புப் போடுங்கோ

எங்கட வீடு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம், அதால பைப் சேர்க்கிற எனக்குப் பெரிய தலையிடி பூஞ்சணம்தான். பிரையர் எண்ட மரத்தில செய்த பழைய பைப் கையில கிடைச்சா மணக்குது எண்டு தூக்கிப் போடாதீங்கோ. வாய்ப்பகுதியைக் கழட்டிட்டு, தண்டு ஓட்டைக்குள்ள ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுத்தின மெல்லிய கம்பி) விட்டு, புகையிலை போடுற கிண்ணம் நிறைய உப்புப் போட்டு வோட்காவைச் சொட்டுச் சொட்டா நனையும்வரை விட்டு ஒரு நாள் வையுங்கோ, அடுத்த நாள் உப்பு மண்ணிறமாகிக் கிடக்கும், அவ்வளவும் பழைய ஊத்தை. கொட்டித் துடைச்சு, நாலைஞ்சு நாள் காயவிட்டுத்தான் பத்தோணும்.

வெளிப்பக்கத்தில வோட்கா பட்டா பொலிஷ் போயிடும், கவனம். துருக்கிப் பக்கத்து வெள்ளை மீர்ஷாம் பைப்புக்கு இதைச் செய்யவே கூடாது, அது மரமில்லை, ஈரத்தை உறிஞ்சிற மிருதுவான கல்லு.

கறுப்பு வல்கனைட் (கெட்டி ரப்பர்) வாய்ப்பகுதி வெயில் பட்டா பச்சையும் மண்ணிறமுமாப் போகும், ஜன்னலோரம் அழகுக்கு அடுக்காதீங்கோ (நான் அடுக்கி ரெண்டைக் கெடுத்தனான்). சூடா இருக்கேக்க கழட்டவும் வேண்டாம், தண்டு வெடிச்சிடும். எனக்கெண்டா வளைஞ்சதை விட நேர்த் தண்டுதான் விருப்பம், கிளீனர் லேசாப் போகும்.