செராமாவில் (அரசியல் பேச்சுக் கூட்டத்தில்) கத்துகிற சொற்களுக்குப் பொருள் பார்ப்பது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. தேர்தல் வந்துவிட்டால் ரவிக்கை தைக்க வருகிறவர்களைவிட விளக்கம் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். போன வாரம் தங்கை மகன் வந்தான், 18 முடிந்தவன். "பெரியம்மா, பெரும்பான்மைன்னா 112ங்கறார் ஒருத்தர், 1,821ங்கறார் இன்னொருத்தர். எது சரி?"

காஜா போட்டுக்கொண்டே சொன்னேன்: ரெண்டும் சரி, ஆனால் வேறு வேறு. 1,821 என்பது ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் உள்ள வாக்கு வித்தியாசம். 2008இல் இங்கே டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், 1974 முதல் தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவைத் தோற்கடித்த வித்தியாசம் அதுதான். 112 என்பது நாட்டை ஆள வேண்டிய இடங்கள். நாடாளுமன்றத்தில் மொத்தம் 222 அல்லவா, பாதிக்கு மேல் ஒன்று. 2022 நவம்பர் 19இல் எந்தக் கூட்டணிக்கும் அது கிடைக்கவில்லை. அதைத்தான் தொங்கு நாடாளுமன்றம் என்றார்கள். அன்வார் பிரதமரானது 24ஆம் தேதி. அரசியலமைப்பைத் திருத்த 148 வேண்டும், அது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பெரும்பான்மை என்ற சொல் காதில் விழுந்ததும், "தொகுதியிலா, நாட்டிலா?" என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது சின்னம். வாக்குச்சீட்டில் பார்ப்பது கட்சியையா, கூட்டணியையா? 2008இல் டாக்டர் ஜெயக்குமார் பிஎஸ்எம் என்கிற மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். நின்றதோ பிகேஆரின், அதாவது அன்வார் கட்சியின், கண் சின்னத்தில். ஏனென்றால் பிஎஸ்எம் அப்போது பதிவு பெறாத கட்சி. 2018இல் அதே ஆள், அதே ஊர், சொந்தச் சின்னம். கிடைத்தது 1,505 வாக்கு. டெபாசிட் போயிற்று. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால், நாடாளுமன்றத் தொகுதிக்குக் கட்டிய 10,000 வெள்ளி திரும்பி வராது. மனுஷன் மாறவில்லை, சுற்றியிருந்த கூட்டணி மாறிவிட்டது. எனக்கு அது இன்றைக்கும் மனசு கேட்காத விஷயம்தான்.

தவளை என்றால் கட்சி தாவுகிறவர். பேராக்கில் இதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். 59 பேர் சட்டமன்றத்தில் 31-28 என்றிருந்த ஆட்சி, 2009 பிப்ரவரியில் மூன்று பேர் நகர்ந்ததும் கவிழ்ந்தது. இப்போது நாடாளுமன்ற உறுப்பினர் தாமாகக் கட்சியை விட்டால் இடம் காலி. 2022 அக்டோபர் 5 முதல் அது சட்டம். கட்சியே அவரை நீக்கினால் இடம் போகாது. அதனால் "தாவிட்டான்" என்று யாராவது கத்தினால், போனாரா, அனுப்பினார்களா என்று பாருங்கள்.

கருத்துக் கணிப்பு என்பது காப்பிக் கடையில் நாலு பேர் சொல்வது அல்ல, வாட்சாப் வாக்கெடுப்பும் அல்ல. குலுக்கல் முறையில் பொறுக்கிய ஆயிரம் பேரைக் கேட்டால் ஏறத்தாழ 3 விழுக்காடு இப்படியோ அப்படியோ பிசகலாம். 2008இல் இங்கே வந்த முடிவு விழுக்காட்டில் 53க்கு 47. 53இல் பிசகைக் கழித்து, 47இல் கூட்டிப் பாருங்கள், இரண்டும் 50இல் வந்து நிற்கும். எத்தனை பேரை, எந்தத் தேதியில், எப்படிக் கேட்டார்கள் என்று போடாத கணிப்பை நான் படிப்பதே இல்லை.

செல்லாத வாக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒருமுறை எண்ணும் முகவராக உட்கார்ந்திருக்கிறேன் (எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள்). ஒரு சீட்டை அதிகாரி தூக்கிக் காட்டினார். கட்டத்துக்குள் அழகாகப் பங்கா (பெருக்கல் குறி) போட்டு, கீழே ரிப்பன் கட்டினமாதிரி வளைத்து வளைத்துக் கையெழுத்தும் போட்டிருந்தார் யாரோ. வங்கிப் பாரம் என்று நினைத்தாரோ என்னவோ! யார் போட்டது என்று தெரியும்படி எழுதினால் செல்லாது. இரண்டு கட்டத்தில் குறியிட்டாலும் செல்லாது. எங்கள் மேசையில் எல்லாரும் ஒரு நொடி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறும். ஆனால் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரிப்படி. தோட்டத்தை விட்டு கிள்ளானுக்குப் போய்ப் பத்து வருடமானாலும், ஐசியில் லயத்து முகவரி இருந்தால் வாக்கு இங்கேதான். சாலுரானை, அதாவது வாக்களிக்கும் அறைகளை, வயதுப்படி பிரிப்பார்கள். பாட்டி 1இல், நீங்கள் கடைசியில். பசியாறிவிட்டுப் போங்கள், இளசுகளின் வரிசை எப்போதும் நீளம்.